பிடிவி கூடிவிட்டது, சரி. அந்த எண்ணெயை டேங்கில் ஊற்றலாமா?

மின்காப்பைக் கூட்ட டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் நானோ துகள் கலப்பது பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் நீட்டுவது ஒரே எண்: பிடிவி, அதாவது எண்ணெய் தாங்க முடியாமல் மின்சாரத்துக்கு வழிவிட்டு முறியும் வோல்ட்டேஜ். அதை மட்டும் நம்பி ஒரு டிரான்ஸ்பார்மரை ஒப்படைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

துகளால் வரும் விளைவு உண்மையானது. 1998இல் மின்சாதன நிறுவனமான ஏபிபியின் ஆய்வாளர்கள் மேக்னடைட் (இரும்பு ஆக்சைடு) துகள் கலந்த எண்ணெயில், ஊசிக்கும் உருண்டைக்கும் நடுவே 25.4 மி.மீ. விட்டு, மின்னல் போன்ற நொடிநேர வோல்ட்டேஜ் துடிப்பான இம்பல்ஸ் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசி பாசிட்டிவாக இருந்தபோது வெறும் எண்ணெய் 86 கிலோவோல்ட்டில் முறிந்தது. துகள் சேர்ந்தது 157 வரை தாங்கியது. வேகமாக ஓடும் எலக்ட்ரானைத் துகள் பிடித்துக்கொள்கிறது. துகளோ மெதுவாக நகர்வது, ஆகவே முறிவுக்கு முன் எண்ணெயில் பாயும் மின்கீற்றான ஸ்ட்ரீமரும் தளர்ந்துவிடுகிறது. ஆனால் ஊசி நெகட்டிவாக இருந்தபோது வெறும் எண்ணெயில் 170 ஆக இருந்தது துகள் சேர்ந்ததும் 154ஆக இறங்கியது. இந்த இரண்டாவது எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது ஈரம். சிலிகா துகளின் மேற்பரப்பு தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஈரமான எண்ணெயில் பிடிவி நன்றாக ஏறும்; நன்கு உலர்த்திய எண்ணெயில் அந்த ஏற்றம் சுருங்கிவிடும். எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஈரத்தில் சோதித்தார்கள் என்று சொல்லாத பிடிவி ஒப்பீட்டை நான் கணக்கில் எடுப்பதில்லை.

தயாரிப்பு எளிதுதான். துகளை உலர்த்தி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி போர்வையாக ஓலியிக் அமிலம் சேர்த்து, எண்ணெயில் கலக்கி, அல்ட்ராசானிக்கில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, வாக்குவத்தில் காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். சிக்கல் அந்த அமிலத்தில் இருக்கிறது. லிட்டருக்கு 0.1 கிராம் ஓலியிக் அமிலம் துகளில் ஒட்டாமல் மிஞ்சினால், அமில எண் (ஒரு கிராம் எண்ணெயின் அமிலத்தைச் சமன் செய்யத் தேவையான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது கேஓஹெச்) கிராமுக்குச் சுமார் 0.02 மி.கி. ஏறும். புதிய எண்ணெய்க்கு சர்வதேசத் தரநிலையான ஐஈசி 60296 அனுமதிப்பதே 0.01தான்! புதிய எண்ணெயில் இருக்கக் கூடாத அமிலத்தை முதல் நாளே நம் கையாலேயே ஊற்றுகிறோம்.

படிவுதான் எனக்குப் பெரிய கவலை. 20 நானோமீட்டர் மேக்னடைட் துகள் தனியாக இருந்தால், 40 டிகிரி எண்ணெயில் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 3 மி.மீ.தான் இறங்கும். வெப்ப அசைவே அதை மிதக்க வைத்துவிடும். துகள்கள் திரண்டு 1 மைக்ரான் கட்டியானால் ஒரே நாளில் 2 செ.மீ. இறங்கும், அதாவது 2,500 மடங்கு வேகம். கட்டி போய் உட்காரும் இடம் டேங்கின் அடி மட்டுமல்ல, காயில்களுக்கு நடுவே மின்காப்பாக வைக்கும் கெட்டி அட்டையான பிரஸ்போர்டு மேலும் படியும். மேக்னடைட் மின்கடத்தும் பொருள். அது பிரஸ்போர்டில் கோடாகப் படிந்தால் டிராக்கிங்குக்கு (மின்சாரம் மேற்பரப்பில் ஊர்ந்து தடம் எரிப்பதற்கு) நாமே பாதை போட்டுக் கொடுத்தது போலாகும்.

பராமரிப்பை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. ஃபில்டர் மெஷினின் 1 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் தனித் துகளை விட்டுவிடும், கட்டியைப் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் எண்ணெயில் மிச்சம் எவ்வளவு துகள்? வழக்கமான எண்ணெய்ச் சோதனையில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. எண்ணெயைச் சுத்தம் செய்யும் களிமண்ணான ஃபுல்லர்ஸ் எர்த் வழியாக விட்டால் அது துகளைப் போர்த்திய ஓலியிக் அமிலத்தையும் உறிஞ்சும். போர்வை போன துகள் திரளத் தொடங்கும்.

குளிர்ச்சியும் சேர்ந்து கிடைக்கும் என்கிறார்கள். மின்காப்புக்குப் போடும் அளவில் கிடைக்காது. பருமனில் 0.1 சதவீதத் துகளுக்கு வெப்பக்கடத்தல் ஏறக்குறைய 0.3 சதவீதம்தான் கூடும். 15 சதவீதம் வேண்டுமென்றால் 5 சதவீதத் துகள் போட வேண்டும். அப்போது எண்ணெய் கெட்டியாகும், எண்ணெயில் வீணாகும் மின்சக்தியைக் காட்டும் டான் டெல்டாவும் ஏறும்.

இதைக் கைவிடச் சொல்லவில்லை. தொடங்க வேண்டிய இடம் 40,000 லிட்டர் பிடிக்கும் பவர் டிரான்ஸ்பார்மர் அல்ல. காற்றுப் படாத, வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சர் இல்லாத, சீல் செய்த சிறிய விநியோக டிரான்ஸ்பார்மர். பிடிவியோடு 90 டிகிரியில் டான் டெல்டா, அமில எண், இரு துருவ இம்பல்ஸ் எல்லாவற்றையும் முதல் நாளே பதிந்து வைக்க வேண்டும். ஓராண்டு முழு லோடில் ஓடிய பிறகு மேல் வால்விலும் கீழ் வால்விலும் தனித்தனியே மாதிரி எடுத்துத் துகள் அளவை ஒப்பிட வேண்டும். பிறகு ஒன்றையாவது திறந்து பிரஸ்போர்டை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.