சம்பளம் மட்டும் போதாது, காணி வேண்டும்

போன மாதம் அம்மாவின் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று திறக்கப் போனோம். படிவத்தில் வீட்டு இலக்கம், வீதி என்று இரண்டு இடம் விட்டிருந்தார்கள். அம்மா இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். குடியிருப்பது லயத்தில், தோட்டத்தின் வரிசை வீட்டில். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கவுண்டரில் இருந்த பிள்ளையிடம், "லயத்துக்கு நம்பர் இல்ல தங்கச்சி. தோட்டத்துப் பேரும் டிவிசன் பேரும் போட்டா காயிதம் ஆபீசுக்கு வரும்" என்றார். அந்தப் பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டாள்: "கரண்ட் பில் ஏதாவது உங்க பேர்ல இருக்கா அம்மா?" இல்லை. சரி, தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்றாள்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகாமல் ஆபீஸ் வாசலில் நின்றார். அன்றைக்குப் பேர், அதாவது நாள் கூலி, இல்லை. 34 வருடம் ஒரே மலையில் கொழுந்து பறித்தவர், தான் அங்கேதான் குடியிருக்கிறேன் என்று காட்ட ஒரு நாள் கூலியை விட வேண்டியிருந்தது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அந்தக் கோபத்தில்தான்.

மலையகத்து வறுமை என்றாலே எல்லோரும் சம்பளத்தைப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். நாள் கூலியாக ஆயிரம் ரூபாய் கேட்டுப் போராடி, அது கைக்கு வந்தது 2021 மார்ச்சில். அப்போது டொலர் 200 ரூபாய்க்குக் கிட்ட. அடுத்த வருடம் மே மாதம் 360. கையில் இருந்தது அதே ஆயிரம்தான், ஆனால் ஐந்து டொலராக இருந்த நாள் கூலி மூன்று டொலருக்குக் கீழே போய்விட்டது. 2024இல் அடிப்படைக் கூலி 1350 ஆனது. அதற்குள் மாவும் பருப்பும் எங்கேயோ போயிருந்தன.

அந்தக் கூலியும் முழுசாக வருவதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ பறித்தால்தான் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். மழையில் நனைந்து, அட்டை கடித்த காலோடு வரிசையில் நின்று அம்மா கொழுந்தைத் தராசில் வைப்பார். முள் 20ஐத் தொடும். கணக்கப்பிள்ளை ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று மூன்று கிலோ கழித்து 17 என்று எழுதுவார். சின்ன வயதில் நான் அந்தத் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கழிக்கும் கிலோவும் அதே தொழிற்சாலைக்குத்தான் போகிறது, அதற்குக் காசு எங்கே என்று அப்போது கேட்கத் தெரியாது. இப்போது கேட்கிறேன்.

ஆனால் சம்பளத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாளைக்கே 3000 ரூபாய் கொடுத்தாலும் அம்மா குடியிருக்கும் வீடு அம்மாவுடையது இல்லை.

இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேல் இன்றைக்குச் சிறுதோட்டங்களில் இருந்துதான் வருகிறது. இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் தாங்களே பறித்து, கிலோவுக்கு விலை பேசித் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார்கள். அவர்களும் பெரிய பணக்காரர்கள் இல்லை, உரத்துக்கு அல்லாடுகிறவர்கள்தான். ஆனாலும் வீடு அவர்களுடையது. பிள்ளையின் படிப்புக்குக் காணியை வைத்துக் கடன் எடுக்கலாம். பிடிக்காவிட்டால் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கறுவா நடலாம். ஆகவே தேயிலை பறித்தால் ஏழையாகத்தான் இருக்க முடியும் என்று யாரும் சொல்லாதீர்கள். காணி யார் கையில் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

எங்களிடம் காணி இல்லாமல் போனது தானாக நடந்ததில்லை. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நிலமற்ற குடியானவர்களுக்கு அரச காணி கொடுக்கப்பட்டபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழி என்பதால் எங்கள் ஆட்கள் இந்தியர் என்று ஒதுக்கப்பட்டார்கள். 1948இல் குடியுரிமை போனது. அடுத்த வருடம் வாக்குரிமை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்தவர்களை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். தாத்தாவின் தங்கை அப்படித்தான் தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் நீலகிரியில் திரும்பவும் தேயிலை மலைக்கே போனார். எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்தபோதும் அந்த மண்ணில் உழைத்தவர்களுக்கு ஒரு துண்டு கிடைக்கவில்லை. கடைசி ஆள் வரைக்கும் குடியுரிமைக்கு வழி செய்த சட்டம் வந்தது 2003இல்.

1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குப் போயின. அந்த வருடத்திலிருந்து கணக்கிட்ட குத்தகை 53 வருடம், 2045 வரைக்கும். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 1992இல் வந்த கம்பனிக்கு எழுத்தில் உரிமை இருக்கிறது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே மன்னாரிலிருந்து காடு வெட்டிக்கொண்டு நடந்துவந்து, வழியெல்லாம் ஆட்களைப் புதைத்துவிட்டு வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

"வீடு இலவசம்தானே, பிள்ளைக் காம்பரா இலவசம்தானே" என்று படித்தவர்களே என்னிடம் சொல்கிறார்கள். பிள்ளைக் காம்பரா என்பது வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். அந்த இலவச வீடு பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு திண்ணை, உள்ளே அடுப்புப் புகை. அப்பா பின்பக்கம் நாலு தகரம் அடித்து ஒரு குசினி இறக்கினார், நான் படிக்க ஒரு மூலை வேண்டும் என்பதற்காக. ஆபீசில் கூப்பிட்டு யாரைக் கேட்டுச் செய்தாய் என்றார்கள். அப்பா தலையைக் குனிந்து நின்றதை நான் வெளியே நின்று பார்த்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

அப்புறம் தம்பி. அவன் சாதாரண தரம் நன்றாகச் செய்தவன். அப்பாவுக்கு முடியாமல் போனதும், குடும்பத்தில் இன்னொருவர் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்கள் பதிவில், இல்லாவிட்டால் லயத்துக் காம்பராவை விடவேண்டி வரும் என்று தோட்டத்தில் பேச்சு வந்தது. எழுத்தில் யாரும் தரவில்லை. பேச்சே போதுமாக இருந்தது. தம்பி உயர் தரத்தை விட்டுவிட்டு தேயிலைக்கு மருந்தடிக்கப் போனான். இலவசம் என்று சொல்கிறவர்கள் அந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

2019ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பில் நகரத்தில் வறுமை 6 வீதம், கிராமத்தில் 15 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். ஒரே நாடு, ஒரே இலவசக் கல்வி, ஒரே இலவச வைத்தியம். நகரத்தின் ஐந்து மடங்குக்கும் மேல்.

காணி இல்லாததற்கு உயிரும் கொடுத்திருக்கிறோம். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை ஆளோடு மூடியது. அந்த இடம் ஆபத்து என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. போயிருக்கலாமே என்று அப்போதும் சிலர் கேட்டார்கள். எங்கே போவது? விற்க வீடு இல்லை, கட்டக் காணி இல்லை. அடுத்த மலையும் தோட்டத்துடையதுதான்.

வீடுகள் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2015க்குப் பிறகு 7 பேர்ச்சஸ் காணியோடு தனி வீடு என்ற பேச்சு வந்தது, இந்திய உதவியில் 4000 வீடுகளும் வந்தன. 2017இல் மோடி நோர்வூட்டில் இன்னும் 10,000 அறிவித்தார். சாவி கையில் வாங்கிய பெண்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் திறப்பு விழாவில் சாவியைக் காட்டும்போது காணி உறுதிப் பத்திரத்தையும் கேளுங்கள். உறுதி பெண்ணின் பெயரிலும் இருக்க வேண்டும், மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். தேயிலை வளராமல் காடாகிக் கிடக்கும் மலைகள் எங்கள் டிவிசனிலேயே மூன்று இருக்கின்றன. குத்தகை முடியும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அவற்றைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தால் அம்மா பறிக்கும் கொழுந்து அம்மாவுடையதாகும்.

நேற்று அம்மாவிடம் இதைச் சொன்னேன். "காணி கெடைச்சா மொதல்ல என்னா செய்வீங்க?" என்று கேட்டேன். வாசலில் தகர டின்னில் நிற்கும் கறிவேப்பிலைக் கன்றை எடுத்து மண்ணில் வைப்பாராம்.