கூட்டல் மட்டும் தெரிந்தவன்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ‘லு பொனேர்’ படத்தை மறுபடி போட்டேன். பிரெஞ்சு இயக்குநர் ஆக்னேஸ் வர்தா 1965இல் எடுத்தது. தலைப்புக்கு ‘மகிழ்ச்சி’ என்று பொருள். எண்பது நிமிடம் ஓடும் சின்னப் படம்தான். ஆனால் மூன்று நாளாகியும் மண்டையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எழுதினாலாவது விடுகிறதா பார்க்கிறேன். முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசவே முடியாது. படம் வந்து அறுபது வருடம் தாண்டிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை பார்த்தது கல்லூரி முடித்த புதிதில், ஒரு திரைப்படச் சங்கத்தின் மாதாந்திரத் திரையிடலில். மாடி அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் கட்டிய வெள்ளைத் துணி. மொத்தமே முப்பது பேர் இருந்திருப்போம், அதில் பெண்கள் இரண்டு பேரோ மூன்று பேரோ. படம் முடிந்ததும் பின்வரிசையில் ஒருவன் “கொடுத்து வச்சவன்டா” என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். டீக்கடையில் நின்று அரைமணி நேரம் வண்ணங்களைப் பற்றிப் பேசினோம். பிரெஞ்சுக்காரன் சின்ன வீட்டுக் கதையைக்கூட ஓவியம் மாதிரி எடுக்கிறான் பார் என்று நான் ஒரு போடு போட்டதும் நினைவிருக்கிறது. எடுத்தது பிரெஞ்சுக்காரன் இல்லை, பிரெஞ்சுக்காரி என்பதைக்கூட யாரும் திருத்தவில்லை.

சரி, கதை. பாரிசுக்குப் பக்கத்தில் ஃபோந்த்னே என்ற புறநகர். பிரான்சுவா ஒரு தச்சன், மாமாவின் பட்டறையில் வேலை. மனைவி தெரேஸ் வீட்டிலிருந்தே துணி தைக்கிறாள், ஒரு கல்யாண உடுப்பு தைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பெண், ஒரு பையன், இரண்டும் பொடிசுகள். ஞாயிறானால் நால்வரும் காட்டுக்குப் போவார்கள். புல்லில் போர்வை விரித்துப் படுத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு மேலே கொசுவலை. இப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்தால் நமக்கே கண் பட்டுவிடுமோ என்று பயம் வரும்.

நடித்தவர்களும் நிஜக் குடும்பமே. ழான்-குளோத் துருவோ அப்போது பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ‘தியெரி லா ஃபிரோந்து’ என்ற வீரசாகசத் தொடரில் நடித்துப் பெயர் பெற்றிருந்தவர். அவருடைய நிஜ மனைவி கிளேர், இரண்டு குழந்தைகள் எல்லோரையும் அப்படியே கொண்டுவந்து வர்தா நடிக்க வைத்தார். கிளேர் நடித்த ஒரே படம் இதுதான். அந்தக் குழந்தைகள் அம்மாவின் மேல் ஏறிப் படுக்கும்போது அதில் நடிப்பு துளியும் இல்லை. படத்தின் பிற்பாதியில் இதே குழந்தைகள் இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைவதற்கு இந்தத் தேர்வும் ஒரு காரணம்.

வேலை விஷயமாக வேறு ஊர் போன இடத்தில், வீட்டுக்குத் தொலைபேசியில் பேசத் தபால் நிலையத்துக்குப் போகிறான் பிரான்சுவா. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எமிலி. அவளுக்கு ஃபோந்த்னேவுக்கே மாற்றல் வரப்போகிறது. அப்புறம் என்ன, அவள் வீட்டில் அலமாரி அடிக்க ஆள் வேண்டும், இவன் தச்சன். தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, மனைவி மேல் உயிராக இருக்கிறேன் என்பதை அவன் ஒளிக்கவில்லை. அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெரேஸ் ஒரு செடி மாதிரி, நீ கட்டவிழ்த்துவிட்ட மிருகம் மாதிரி, எனக்கு இயற்கை என்றால் பிடிக்கும் என்கிறான். இதை ஒரு மனுஷன் முகத்தைக் கோணாமல் சொல்கிறான்.

நம் ஊரில் இந்தக் கதையை எடுத்தால் இந்த இடத்திலிருந்து பொய் ஆரம்பிக்கும். செல்பேசியை ஒளிப்பது, சட்டையில் கறை, நண்பனைச் சாட்சிக்கு இழுப்பது. பிரான்சுவாவிடம் அது எதுவும் கிடையாது. குற்ற உணர்ச்சி மருந்துக்கும் இல்லை. எமிலியைப் பார்த்துவிட்டு வந்து மனைவியிடம் முன்பைவிட அன்பாக இருக்கிறான், குழந்தைகளோடு அதிக நேரம் விளையாடுகிறான். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, குரல்கூட உயர்த்துவதில்லை. அவனைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியாது.

வர்தாவின் கேமராவும் அவனைத் திட்டுவதில்லை. ஒரு வெளிப்புற நடன விழா வருகிறது. கேமரா ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டு இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. மரம் குறுக்கே வந்து மறைக்கும், விலகும், ஜோடி மாறியிருக்கும். பிரான்சுவாவின் கைக்குள் இப்போது தெரேஸ், இப்போது எமிலி. இருவருக்கும் பொன்னிற முடி. ஒரு கணம் யார் யார் என்று நமக்கே தடுமாறும். ஆள் மாறுவது அவ்வளவு சுலபம், ஒரு மரத்தின் அகலம்தான் இடைவெளி. முதல்முறை பார்த்தபோது இதை வெறும் கேமரா வித்தை என்று ரசித்தேன். இந்தத் தடவை அந்த ஒரு நிமிடத்திலேயே மீதிக் கதை முழுவதும் சொல்லி முடித்தாயிற்று என்று பட்டது.

அப்புறம் அந்த வண்ணங்கள். வர்தா வண்ணத்தில் எடுத்த முதல் முழுநீளப் படம் இது. காட்சி முடிந்தால் திரை கறுப்பாகாது. நீலமாகும், சிவப்பாகும், மஞ்சளாகும். சூரியகாந்தியில் தொடங்குகிறது. வீட்டில் ஜாடி நிறையப் பூ, சுவரில் நீலம், உடுப்பில் மஞ்சள். பின்னணியில் முழுக்க மோட்சார்ட்டின் இசை. அதுவும் முதல் காட்சியிலேயே, அத்தனை வெயிலுக்கும் பூவுக்கும் மேலே, சி மைனர் சுருதியில் அமைந்த, அடாஜியோ-ஃபியூக் என்ற அந்த இறுக்கமான இசை. கண் ஒன்று சொல்லும், காது வேறொன்று சொல்லும். பார்க்க அழகான கோடைக்காலப் பழம், உள்ளே ஒரு புழு என்று வர்தாவே இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது உவமை சொல்லியிருக்கிறார். படம் நெடுக நாம் தோலைத்தான் தடவிக்கொண்டிருக்கிறோம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அதே காடு, அதே போர்வை. பிள்ளைகள் தூங்குகிறார்கள். இப்போதெல்லாம் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாயே, என்ன காரணம் என்று தெரேஸ் கேட்கிறாள். பொய் சொல்லத் தெரியாதவன் இல்லையா, சொல்லிவிடுகிறான். நீயும் நானும் பிள்ளைகளும் ஓர் ஆப்பிள் தோட்டம் மாதிரி, வேலி போட்டிருக்கிறது. வேலிக்கு வெளியே இன்னொரு ஆப்பிள் மரம் முளைத்து நம்மோடு சேர்ந்து பூக்கிறது. பூவும் கூடுதல், பழமும் கூடுதல். உனக்கு எதுவும் குறையப் போவதில்லையே! இதுதான் அவன் தரும் விளக்கம். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறாள். பிறகு ஏற்றுக்கொண்ட மாதிரி சிரிக்கிறாள். இருவரும் கூடுகிறார்கள். அவன் தூங்கிப்போகிறான். கண் விழித்தால் அவள் பக்கத்தில் இல்லை. தேடிக்கொண்டு போனால் நீர்நிலையின் கரையில் கூட்டம். அவளைத் தூக்கி வெளியே கிடத்தியிருக்கிறார்கள்.

அவன் அவளை வாரி எடுக்கும் காட்சியை வர்தா திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டியிருக்கிறார். எடுக்கிறான், மறுபடி எடுக்கிறான், மறுபடியும். நடுவில், கண் சிமிட்டினால் தப்பிவிடும் அளவுக்கு, தண்ணீருக்குள்ளிருந்து தெரேஸ் ஒரு கிளையைப் பற்ற முயல்வது வந்து போகிறது. தவறி விழுந்தாளா, தானே இறங்கினாளா? தானே இறங்கியவள் கடைசி நொடியில் மனம் மாறிக் கிளையைத் தேடினாளா? அல்லது அது தவறி விழுந்திருப்பாள் என்று பிரான்சுவா தனக்குத்தானே கற்பனை செய்துகொண்ட காட்சியா? படம் பதில் சொல்லாது. எனக்கு இந்தக் கடைசிச் சாத்தியம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. ஏனென்றால் தவறி விழுந்தாள் என்றால் அவன் கணக்கு சரியாகவே இருக்கும். அவனுக்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும். கழித்தல் என்று ஒன்று நடந்தால் அது விபத்தாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தக் காலத்து பிரெஞ்சுச் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கூட்டல் கணக்கு அவன் ஒருவனுடைய கண்டுபிடிப்பு இல்லை என்பது புரியும். 1810ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி சோரம் போன மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. கணவனுக்கு? வைப்பாட்டியைச் சொந்த வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தால் மட்டும்தான் குற்றம், அதற்கும் அபராதத்தோடு சரி. இது 1975 வரை ஏட்டில் இருந்தது. பிரான்சுவா எமிலியின் வீட்டுக்குத்தான் போய் வருகிறான். ஆக, சட்டத்தின் கண்ணிலும் அவன் உத்தமன். தெரேஸ் இதையே செய்திருந்தால் கம்பி எண்ண வேண்டியிருந்திருக்கும். இன்னொன்று: கல்யாணமான பெண் கணவனின் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் அங்கே சட்டம் வழிவிட்டது 1965 ஜூலையில். படம் வந்த அதே வருடம். குருவாசான் ரொட்டி, புரட்சி, சுதந்திரம் என்று நாம் கற்பனை செய்து வைத்திருக்கும் பிரான்சு இதுதான்.

அந்த வருடம் பெர்லின் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்கு வெள்ளிக் கரடி விருது கிடைத்தது. திட்டும் நிறையக் கிடைத்தது. ஒழுக்கக்கேடு என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பெண்ணியவாதிகள் சிலருக்கே கோபம். 1970களில் கிளேர் ஜான்ஸ்டன் என்ற விமர்சகர், விளம்பரங்கள் விற்கும் பகற்கனவுகளோடு இதை ஒப்பிட்டுச் சாடினார். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. அவன் செய்வது தப்பு என்று ஒரு பாத்திரமாவது வாய் திறந்து சொல்லக்கூடாதா என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் விளம்பரம் மாதிரி இருக்கிறது என்ற அந்தக் குற்றச்சாட்டையே நான் பாராட்டாக எடுத்துக்கொள்வேன். அந்த வீடும் பூவும் சிரிப்பும் பெண்கள் பத்திரிகையின் நடுப்பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டியது மாதிரிதான் இருக்கின்றன. அந்தப் படத்தில் நிற்கும் பெண் யாராக இருந்தாலும் பக்கம் மாறப்போவதில்லை என்று காட்டத்தான் வர்தா அவ்வளவு பாடுபட்டிருக்கிறார். 1971இல், கருக்கலைப்பு குற்றமாக இருந்தபோதே, ‘நானும் செய்துகொண்டேன்’ என்று பகிரங்கமாக அறிவித்த 343 பெண்களில் அவரும் ஒருவர். படம் விளம்பரம் மாதிரி அமைந்தது அவருக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பிள்ளைகளை யார் வளர்ப்பது என்று உறவினர்கள் பேசுகிறார்கள். கோடை முடிகிற சமயத்தில் பிரான்சுவா எமிலியைத் தேடிப் போகிறான். அவள் வருகிறாள். அவ்வளவுதான். யாரும் கத்தவில்லை, யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை, ஆவி வரவில்லை. கடைசியில் நால்வரும் இலையுதிர்காலக் காட்டுக்குள் கைகோத்து நடக்கிறார்கள். உடம்பில் மஞ்சள் கம்பளிச் சட்டைகள், காட்டின் நிறத்துக்கே பொருத்தமாக. படத்தின் தொடக்கத்தில் குடும்பம் நம்மை நோக்கி வந்தது. இப்போது நமக்கு முதுகைக் காட்டிப் போகிறது. “கொடுத்து வச்சவன்டா” என்ற குரல் இந்த இடத்தில்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். நான் படம் போட்டபோது மனைவி கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அரைக்கண்ணால்தான் பார்த்தாள். வசனத்துக்குக் கீழே ஓடும் வரிகளைப் படிப்பதாகவே தெரியவில்லை. படத்தின் நடுவில் தெரேஸின் கைகள் மட்டும் அண்மைக் காட்சிகளாக வரும். மாவு தேய்க்கும், செடிக்குத் தண்ணீர் ஊற்றும், இஸ்திரி போடும். முகம் வராது.

“இந்தப் பொண்ணு கை சும்மா இருந்து பாத்தீங்களா?” என்றாள்.

நான் பார்க்கவில்லை. இருபது வருடத்துக்கு முன்னாலும் பார்க்கவில்லை. நீலத்தையும் மஞ்சளையும் பார்த்திருக்கிறேன், மோட்சார்ட்டைக் கேட்டிருக்கிறேன், மரத்தின் பின்னாலிருந்த கேமராவைப் பற்றி டீக்கடையில் பேசியிருக்கிறேன்.

தெரேஸ் செத்த இடத்தில் என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தலையணை உறையை மடித்துவிட்டு, பிரித்து, மறுபடி மடித்தாள். கடைசியில் எமிலி அந்த வீட்டில் குடியேறியதும் மறுபடி கைகள் வந்தன. பிள்ளைகளுக்கு, செடிக்கு, துணிக்கு. இஸ்திரி போடும் இடம் வந்ததும் “நிறுத்துங்க” என்றாள். நிறுத்தினேன்.

“இது அதே இஸ்திரிப் பெட்டிதானா?”

பின்னால் ஓட்டித் தெரேஸின் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தோம். முன்னால் ஓட்டி எமிலியினுடையதைப் பார்த்தோம். இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றி ஓட்டியும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெளிச்சம் வேறு, கோணம் வேறு, கை வேறு.

“தெரியலையே” என்றேன்.

“புதுசா வாங்கியிருக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு, மடித்த துணிகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.