முதல் வருஷமே டிரான்ஸ்ஃபருக்கு ஏன் போடவில்லை என்று கேட்பவர்களுக்கு

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் நடந்தது சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் பாதிப் பேருக்குத் தெரியும், அதனால் ஆளைச் சொல்லப் போவதில்லை. "கம்யூனிட்டி காலேஜிலேயே ஒரு வருஷம் ஓடிப்போச்சே, இன்னுமா டிரான்ஸ்ஃபருக்குப் போடலை?" என்று அத்தனை பேர் நடுவில் சத்தமாகக் கேட்பதை அக்கறை என்று எடுத்துக்கொள்ள எனக்குப் பெருந்தன்மை போதவில்லை. என் மகள் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில்தான் நின்றாள். அவள் படிப்பது கம்யூனிட்டி காலேஜில், அதாவது முதல் இரண்டு வருஷப் படிப்பைத் தருகிற உள்ளூர்க் கல்லூரியில். அங்கிருந்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டத்தை முடிப்பதுதான் டிரான்ஸ்ஃபர்.

போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை. பெரும்பாலான தனியார் பல்கலைக்கழகங்களில் டிரான்ஸ்ஃபர் கெடு மார்ச் வாக்கில் வந்துவிடும். செப்டம்பரில் சேர்ந்த பிள்ளையின் கையில் அப்போது என்ன இருக்கும்? ஒரு செமஸ்டர் மார்க். மீதியெல்லாம் ஹைஸ்கூல் மார்க். போன வருஷம் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கே அதே காகிதத்தைத் திரும்ப அனுப்புவதில் என்ன கெட்டிக்காரத்தனம்? இரண்டாம் வருஷம் போட்டால் காலேஜ் மார்க்கைப் பார்ப்பார்கள். சிபாரிசுக் கடிதம் எழுதுகிற ஆசிரியருக்கும் பிள்ளையைத் தெரிந்திருக்கும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் சேர்வதற்குத்தான் எடுக்கிறார்கள். அதற்கு 60 செமஸ்டர் யூனிட் (பாடங்களுக்குக் கிடைக்கிற கிரெடிட்), குவார்ட்டர் கணக்கில் 90 வேண்டும், அதாவது இரண்டு வருஷப் படிப்பு. அதிலும் கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை. டேவிஸ், அர்வைன், சான்டா பார்பரா உட்பட அதன் ஆறு வளாகங்களில் 'டேக்' (TAG) என்கிற டிரான்ஸ்ஃபர் உத்தரவாதம் இருக்கிறது. நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் (யூசிஎல்ஏ), சான் டியேகோ வளாகங்களில் அது கிடையாது. இவ்வளவையும் விசாரிக்காமல்தான் "இன்னுமா?"

"ஹார்வர்டுக்கு ஒரு வருஷம் முடித்தால் போதுமே" என்பீர்கள். போதும். ஆண்டுக்கு ஒரு டஜன் பேர் அளவில்தான் எடுப்பார்கள், வாழ்த்துகள். பிரின்ஸ்டன் 1990-க்குப் பிறகு டிரான்ஸ்ஃபரே இல்லை என்று இருந்துவிட்டு 2018-ல்தான் மறுபடி எடுக்க ஆரம்பித்தது. யாரைக் கூப்பிட்டது? ராணுவத்தில் இருந்தவர்களை, வசதி குறைந்தவர்களை, நீங்கள் மூக்கைச் சுளிக்கிற கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளை. ஒபாமாவும் ஆக்சிடென்டல் காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டுத்தான் 1981-ல் கொலம்பியா போனார்.

"பிள்ளைக்கு அந்த இடமே ஒத்துவரவில்லை என்றால்?" சரி, அப்போது உடனே கிளம்பட்டும். படிக்க விரும்பிய பாடம் அங்கே இல்லை என்றாலும் கிளம்பட்டும். நான் சொல்வது அவர்களை அல்ல.

"காசு இல்லாமல்தானே அங்கே சேர்த்தார்" என்றும் பின்னால் பேச்சு ஓடியதாம். ஆமாம், கட்டணமும் ஒரு காரணம். அதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?

எனக்கு இது புதிதில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்தவன் நான், 'லேட்டரல் என்ட்ரி' என்பார்கள். ப்ளஸ் டூ வழியாக வந்தவர்களுக்கு எங்கள் பேர் தேவைப்படவில்லை, 'ஏ லேட்டரல்' போதுமானதாக இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் நிற்கும்போது மட்டும் 'நண்பா' ஆகிவிடுவோம். ஒரு கல்யாணத்தில் பெரியப்பா முறை உள்ளவர், "நேரா கிடைக்கலை, சுத்தி வந்திருக்கான்" என்று என்னை அறிமுகப்படுத்தினார். இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கடல் தாண்டி வந்தும் நம் ஆட்கள் அந்தப் பெரியப்பாவையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். ஒரு பிள்ளையைப் பார்த்ததும் காலேஜ் பேரைத்தான் கேட்கிறோம், காரின் பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் தேடுகிறோம். அவள் என்ன படிக்கிறாள் என்று சனிக்கிழமை ஒருத்தரும் கேட்கவில்லை. சும்மா ஒரு பாடமாக எடுத்த ஜியாலஜியில் அவள் மனசு போய்விட்டது. முதல் வருஷமே போட்டிருந்தால், எல்லோரையும் போலக் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எழுதியிருப்பாள்.

டேக் படிவம் செப்டம்பரில். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெரிய விண்ணப்பம் நவம்பர் கடைசிக்குள். பதில் ஏப்ரல் வாக்கில் வரும். அதுவரை யாரும் விசாரிக்க வேண்டாம். வந்த பிறகும் என்னிடம் கேட்க வேண்டாம், அவளுக்கு வயது பத்தொன்பது, இஷ்டம் இருந்தால் அவளே சொல்வாள்.