மொட்டை வேறு, வழுக்கை வேறு

இடம்: தர்மபுரி நான்கு ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் ஒரு சலூன். ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு, கண்ணாடிக்குக் கீழே வரிசையாக நெல்லிக்காய்த் தைலப் பாட்டில்கள். மின்விசிறி சித்திரை வெயிலிலும் ஒன்றாம் எண்ணில்தான் சுழலும். காரணம் கேட்டால் மின்கட்டணம் என்பார் கடைக்காரர். அதை நம்பாதவர்கள் சிலர் உண்டு, நானும் ஒருவன்.

ஆட்கள்: மாதையன், வயது 46, கடைக்காரர். கூட்டமில்லாத நேரத்தில் கைப்பேசியில் ஜப்பான் கார்ட்டூனான அனிமே பார்ப்பவர். சக்திவேல், வயது 22. குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதாக வீட்டில் சொல்லியிருப்பவர்.

நேரம்: புதன்கிழமை மத்தியானம்.

சக்திவேல்: அண்ணா, மொட்டை.

மாதையன்: (தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தபடி) குலதெய்வத்துக்கா?

சக்திவேல்: வீடியோவுக்கு. நானும் நண்பர்களும் ஒன் பஞ்ச் மேன் அனிமேயைக் கேலி செய்து ஒரு குறும்படம் எடுக்கிறோம். நான்தான் அதன் ஹீரோ சைதாமா.

(மாதையன் பாட்டிலைக் கீழே வைக்கிறார். கத்தியை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்.)

மாதையன்: எழுந்திரு.

சக்திவேல்: ஏன் அண்ணா?

மாதையன்: முதலில் தொழில் விஷயம். சைதாமா மொட்டை அடித்தவனா? அவனுக்கு முடி கொட்டிவிட்டது. மழித்த தலையில் பச்சை ஓடும். இன்றைக்கு நான் மழித்துப் படிகாரம் தேய்த்து அனுப்பினால் நாளை மறுநாள் முள் முளைத்துப் பலாக்காய் ஆகிவிடுவாய். அவன் தலை முட்டை. விளக்கைப் போட்டால் விளக்கு உள்ளே தெரிய வேண்டும். மொட்டை வேறு, வழுக்கை வேறு. இது தெரியாதவன் எல்லாம் படம் எடுக்கக் கிளம்பிவிட்டான்.

சக்திவேல்: கேலிப்படம்தானே அண்ணா, யார் அவ்வளவு கூர்ந்து பார்க்கப் போகிறார்கள்?

மாதையன்: நான் பார்ப்பேன். இரண்டாவது விஷயம், அந்தக் கதையே கேலிதான். உலகத்தில் மற்ற ஹீரோக்கள் எல்லாம் கடைசி வரைக்கும் அடிவாங்கி, ரத்தம் கக்கி, அம்மாவை நினைத்துக்கொண்டு எழுந்து நின்று ஜெயிப்பார்கள். இவன் ஒரே குத்து. ஜெயித்த பிறகு சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி முடிந்துவிட்டதே என்று அழுவான். கேலியை எப்படிக் கேலி செய்வாய்? நிழலுக்கு நிழல் விழுமா?

சக்திவேல்: விழும் அண்ணா. 2006இலேயே ஒருவர் யூ-கி-ஓ என்ற அனிமே தொடரை வெட்டிச் சுருக்கி, தானே குரல் கொடுத்து வெளியிட்டார். 2008இல் டிராகன் பால் இசட் தொடருக்கு ஒரு குழு அதே வேலையைச் செய்தது. அதைப் பார்த்துவிட்டு அசலைத் தேடிப்போனவர்கள் எத்தனையோ பேர்.

மாதையன்: டிராகன் பாலைச் சுருக்கலாம், அதற்கு நியாயம் இருக்கிறது. ஒருவன் பலத்தைக் கூட்டுவதற்காகப் பல்லைக் கடித்துக் கத்திக்கொண்டே இருப்பான். நான் ஒரு முகச் சவரம் முடித்துத் திரும்பிப் பார்த்தாலும் கத்திக்கொண்டிருப்பான். சைதாமாவில் எதை வெட்டுவாய்? சண்டையே ஒரு வினாடிதான்.

சக்திவேல்: சரி, வேறு விதமாகக் கேட்கிறேன். ஒன் என்பவர் 2009இல் சைதாமா கதையை முதலில் இணையத்தில் படக்கதையாக வரைந்தாரே, அந்தப் படம் எப்படி இருந்தது?

மாதையன்: (கொஞ்சம் தயங்கி) அது... குழந்தை வரைந்த மாதிரிதான் இருந்தது.

சக்திவேல்: 2012இல் முராதா என்ற ஓவியர் அதையே எடுத்துத் தங்கத்தில் இழைத்த மாதிரி வரைந்தார். 2015இல் மேட்ஹவுஸ் நிறுவனம் பன்னிரண்டு பகுதியாக அனிமே எடுத்தது. ஒரே கதைக்கு மூன்று வடிவம். நான்காவது எங்களுடையது.

மாதையன்: அவர்கள் மெருகேற்றினார்கள். நீ மெருகைச் சுரண்டுகிறாய்.

சக்திவேல்: ஒன் பஞ்ச் மேன் என்ற அந்தப் பெயரே எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பான் உச்சரிப்பில் வன்பன்மேன். அங்கே குழந்தைகளுக்கு அன்பன்மேன் என்று ஒரு ஹீரோ. 1973இல் படப்புத்தகமாக வந்தவன். அவன் பெயரைத்தான் திருகி வைத்திருக்கிறார்கள்.

மாதையன்: அன்பன்? தமிழ்ப் பெயர் மாதிரி இருக்கிறதே.

சக்திவேல்: அன் என்றால் இனிப்புப் பயற்று விழுது. பன் என்றால் ரொட்டி. அது உள்ளே வைத்த ரொட்டிதான் அவன் தலை. பசியோடு யாராவது வந்தால் தன் தலையைப் பிய்த்துக் கொடுத்துவிடுவான்.

மாதையன்: தலையையா?

சக்திவேல்: ஆமாம். பிறகு ஜாம் மாமா புதுத் தலை சுட்டு மாட்டிவிடுவார்.

(மாதையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. தொழில்காரர் அல்லவா, தலை என்றால் யோசிப்பார்.)

மாதையன்: நல்ல மனம்தான். ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை. கதையைச் சொல், கேட்கிறேன்.

சக்திவேல்: சைதாமா தினமும் நூறு தண்டால், நூறு முறை படுத்து எழுவது, நூறு பஸ்கி, பத்து கிலோமீட்டர் ஓட்டம். மூன்று வருடம். நம் ஆள் நான்கு ரோட்டிலிருந்து ஓடுகிறான். அதியமான்கோட்டையில் டீ குடித்துவிட்டு பஸ்ஸில் திரும்புகிறான்.

மாதையன்: (சிரிப்பை விழுங்கி) பிறகு?

சக்திவேல்: கோடையிலும் ஏசி போடக்கூடாது என்பதும் அந்தப் பயிற்சியில் ஒரு விதி.

மாதையன்: ஏசி போடாததெல்லாம் பயிற்சியா? அப்படிப் பார்த்தால் இந்தச் சந்து முழுக்க அந்தக் கதையின் உச்ச வகுப்பான எஸ் வகுப்பு ஹீரோக்கள்தான்.

சக்திவேல்: அண்ணா, அருமை! அதை வசனமாக வைத்துக்கொள்கிறேன்.

மாதையன்: வைத்துக்கொள்ளாதே. நான் எதிர்க்கட்சி. வில்லன் யார்?

சக்திவேல்: ஆழ்கடல் அரசன். இங்கே கடல் இல்லாததால் ஒகேனக்கல்லில் பரிசலில் வந்து இறங்குகிறான். வந்ததும் மீன் வறுவல் கடையைப் பார்த்து, "என் பிரஜைகள்!" என்று அலறுகிறான்.

மாதையன்: தப்பு.

சக்திவேல்: எது?

மாதையன்: ஆழ்கடல் அரசன் உடம்பு காய்ந்தால் பலம் போய்விடும். மழை பெய்தால்தான் திரும்ப வரும். ஒகேனக்கல்லை விட்டு மேலே ஏறினால் போதும், பென்னாகரம் வருவதற்குள் கருவாடு. சைதாமாவுக்கு வேலையே இல்லை. தர்மபுரி மாவட்டமே அவனை அடித்துவிடும்.

சக்திவேல்: குழாய்த் தண்ணீர் வருகிறதே அண்ணா, குடித்துத் தேறிவிட மாட்டானா? ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில் வந்ததுதானே.

மாதையன்: (விரல் விட்டு) புளோரைடு இல்லாத தண்ணீர், சைதாமா. ஜப்பான் நமக்குக் கொடுத்தது இரண்டு. முதலாவதுக்குத் தவணை கட்டுகிறார்கள், இரண்டாவதை நீ கெடுக்கிறாய்.

சக்திவேல்: நான் கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பா பாரதக் கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டியவர்தானே? திரைக்குப் பின்னால் துரியோதனன் ஜல்ஜல் என்று ஆடி நிற்பான். உங்கள் அப்பா, "யாரய்யா நீர், சந்தைக்கு மாடு பிடிக்க வந்தீரா?" என்று கேட்பார். ஊரே சிரிக்கும். துரியோதனனுக்கு என்ன குறைந்துபோயிற்று?

(இது சரியான அடி. மாதையன் தைலப் பாட்டிலைத் துடைக்க ஆரம்பிக்கிறார். அதில் தூசி எதுவும் இல்லை.)

மாதையன்: தம்பி, அப்பா துரியோதனனைக் கேலி செய்தார். ஏனென்றால் அவனுக்குக் கிரீடம் இருந்தது, புஜகீர்த்தி இருந்தது, நான்தான் ராஜா என்ற மிதப்பு இருந்தது. கட்டியக்காரனை யாராவது கேலி செய்து பார்த்திருக்கிறாயா? அவனிடம் என்ன இருக்கிறது பிடுங்க? சைதாமா அந்தக் கூத்தில் கட்டியக்காரன். எல்லோருக்கும் அங்கே நீளமாகப் பட்டப்பெயர். இவனுக்கு வைத்த பெயரே போர்வை போட்ட வழுக்கையன். அதற்குமேல் நீ என்ன கேலி செய்வாய்?

சக்திவேல்: அப்படியானால் யாரைத்தான் கேலி செய்வது?

மாதையன்: ஹீரோக்களுக்குத் தேர்வு வைத்துத் தரம் பிரிக்கிற ஹீரோ சங்கத்தைச் செய். சைதாமா உடல் தேர்வில் சாதனை மேல் சாதனை, எழுத்துத் தேர்வில் கோட்டை விட்டான். உடனே தூக்கிக் கடைசி வகுப்பான சி வகுப்பில் போட்டார்கள். வாரத்துக்கு ஒரு நற்செயல் காட்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்களாம். ராட்சசனைக் கொன்றவன் திருடன் கிடைக்காமல் தெருத் தெருவாக அலைந்தான்.

சக்திவேல்: (தலை குனிந்து) எழுத்துத் தேர்வைப் பற்றிப் பேச வேண்டாம் அண்ணா.

மாதையன்: ஏன் வேண்டாம்? அதைத்தான் எடுக்க வேண்டும். உன்னைவிட யாருக்குத் தெரியும்? பூமியைக் காப்பாற்றிவிட்டு வருகிறான். மேஜையில் கேள்வித்தாள். "தகடூர் என்பது எந்த ஊரின் பழைய பெயர்?" அந்த ஊரிலேயே குடியிருந்துகொண்டு தப்பாக எழுதுகிறான்.

சக்திவேல்: போன முறை எனக்கு அதியமானில்தான் அண்ணா போயிற்று.

மாதையன்: நெல்லிக்கனி கொடுத்தது யாருக்கு என்றா?

சக்திவேல்: ஔவைக்கு என்பது தெரியும். குறிப்பதற்குள் வட்டம் மாறிவிட்டது.

மாதையன்: சரி விடு. அந்தச் சைக்கிள் ஹீரோ முமென் ரைடர் உண்டா?

சக்திவேல்: உண்டு. வாடகை சைக்கிள். ஆழ்கடல் அரசன் மேல் தூக்கி எறிகிற காட்சிக்குக் கடைக்காரர் முன்பணம் கேட்கிறார்.

மாதையன்: அவனை மட்டும் கேலி செய்துவிடாதே. சி வகுப்புக்காரன், ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்தே எதிரே போய் நின்றவன். அந்தப் பகுதியைப் பார்த்த அன்றைக்கு நான் கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டேன்.

சக்திவேல்: சத்தியமாகச் செய்ய மாட்டேன். தலைக்குத்தான் வழி சொல்லுங்கள். மொட்டை வேண்டாம் என்கிறீர்கள். நல்ல வழுக்கைக்கு நான் எங்கே போவேன்?

(மாதையன் வாசலுக்குப் போகிறார். சந்தின் இரண்டு பக்கமும் பார்க்கிறார். ஷட்டரை முக்கால்வாசி இறக்குகிறார். திரும்பி வந்து மின்விசிறியை ஐந்தாம் எண்ணுக்குத் திருகுகிறார். முன்நெற்றியில் விரலை வைத்து ஒரு இழு. டோப்பா கையோடு வருகிறது. டியூப்லைட் அந்தத் தலையில் நீளமாக, வளையாமல் தெரிகிறது.)

சக்திவேல்: அண்ணா!

மாதையன்: கத்தாதே. அந்த அன்பன் என்ன செய்வான் என்றாய்?

சக்திவேல்: தலையைக் கொடுப்பான்.

மாதையன்: நானும் தலையை மட்டும் கொடுக்கிறேன். பின்னாலிருந்து எடு, முகம் வரக்கூடாது. இன்னும் இருபத்து மூன்று பாட்டில் தைலம் விற்க வேண்டியிருக்கிறது.