வீடு பார்க்கப் போனால் வரி ரசீதைக் கேளுங்கள்

பெரியப்பா மகன் கோபிசெட்டிபாளையத்திலிருந்து கோவைக்குக் குடிவர வீடு தேடுகிறான். போன ஞாயிறு நானும் கூடப் போனேன். சரவணம்பட்டியில் 3 சென்டில் பழைய வீடு, 85 லட்சம் சொன்னார்கள். விலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச்சு. சென்ட் என்ன போகிறது, பக்கத்துச் சைட் எவ்வளவுக்குக் கிரயமானது, கார் திரும்புமா, தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வருகிறது, எல்லாம் கேட்டாயிற்று. சொத்து வரி ரசீதை மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டதும் புரோக்கர் சிரித்துவிட்டார். "அது என்னங்க, சில்லறைக் காசு."

சில்லறைதான், ஒத்துக்கொள்கிறேன். என் வீட்டுக்கு இப்போது அரையாண்டுக்கு 5,700 ரூபாய் பக்கம், வருடத்துக்கு 11,000 சொச்சம். அந்த 85 லட்சம் வீட்டைப் பத்திரம் போட முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%, ஆக 7,65,000. என் வீட்டு வரியோடு வைத்துப் பார்த்தால் 67 வருட வரியை ஒரே காலையில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருகிறோம். அதற்கு முகம் சுளிக்காதவர்கள்கூட அரையாண்டு வரிக்குப் புலம்புவார்கள். (புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனை என்றால் 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரைக்கும் முத்திரைத்தீர்வை 5%தான். 85 லட்சத்துக்கு 1,70,000 மிச்சம். இதைப் புரோக்கர் சொல்லவில்லை, தனி வீடு விற்க வந்தவர் எதற்குச் சொல்கிறார்!)

அத்தை மகன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே மாநில வருமான வரி கிடையாது, ஆனால் வீட்டின் சந்தை மதிப்பில் வருடா வருடம் ஒன்றரை சதவீதத்துக்கு மேல்கூட வரி போய்விடுமாம். அந்தக் கணக்கில் நம் 85 லட்சம் வீட்டுக்கு வருடம் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டும். அங்கே வீடு வாங்குகிறவன் வரியைப் பார்த்துத்தான் விலையே பேச வேண்டும். இங்கே அப்படி இல்லை. பரப்பளவு, தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, குடியிருப்பா கடையா என்று பார்த்துத்தான் வரி போடுகிறார்கள். விலை ஏறியது என்பதற்காக மறுநாளே வரி ஏறாது.

அப்புறம் எதற்கு ரசீது? என் கதையைச் சொல்கிறேன். 2019-இல் நான் வாங்கிய பழைய வீட்டுக்கு ரசீதில் 900 சதுர அடி. மாடியில் 550 சதுர அடி கட்டியிருந்தது, அது ரசீதிலேயே இல்லை. அரையாண்டுக்கு 1,900 கட்டி நிம்மதியாக இருந்தேன். 2022-இல் சொத்து வரியை ஏற்றினார்கள். கோவை மாதிரி மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரை 25%, 1,200 வரை 50%, 1,800 வரை 75%, அதற்கு மேல் 100%. அளக்க வந்தார்கள். 900 என்றிருந்தது 1,450 ஆனது, 50% என்றிருந்தது 75% ஆனது. 1,900 ஒரே தாவலில் 5,300-ஐத் தாண்டியது. மாடிக்குப் பழைய பாக்கியையும் கேட்டார்கள். கட்டியது விற்றவர், வாடகை வாங்கித் தின்றது விற்றவர், பாக்கி கட்டியது நான். அவருக்குப் போன் போட்டால், "நான் வித்து முடிச்சுட்டனுங்களே கண்ணு" என்றார். பாக்கி வீட்டைத்தான் பிடிக்கும், விற்றுப் போனவரை அல்ல.

அன்றிலிருந்து என் பழக்கம் இது: ரசீதில் உள்ள பரப்பையும் கண்ணால் பார்க்கிற கட்டடத்தையும் ஒத்துப் பார்ப்பேன். பெயர் யாருடையது, குடியிருப்பு என்று போட்டிருக்கும் இடத்தில் கீழே கடை ஓடுகிறதா, கடைசி அரையாண்டு கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பேன். வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் காட்டும் சான்று) இதெல்லாம் வராது. காலி சைட் என்றால் காலிமனை வரி. அதை விட்டுவைத்திருந்தால் கட்டட அனுமதிக்குப் போகும்போதுதான் தெரியும்.

"மாநகராட்சி எல்லை தாண்டி ஊராட்சியில வாங்குங்க, வரியே இல்லாத மாதிரி" என்றார் அதே புரோக்கர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. லாரித் தண்ணியும் செப்டிக் டேங்க் வண்டியும் சேர்த்தால் மிச்சமாகும் வரி எங்கே போகும்? அதோடு எல்லை அங்கேயே நிற்காது. இதே சரவணம்பட்டியும் வடவள்ளியும் துடியலூரும் 2011-க்கு முன் மாநகராட்சியில் இல்லை. சொத்து வரியை ஆண்டுக்கு 6% ஏற்றும் விதியும் வந்து, 2024-இல் ஏறவும் செய்தது. அதே வேகத்தில் போனால் 12 வருடத்தில் இரட்டிப்பு. வட்டிக் கடனில் வாங்குகிறவன் 20 வருடத்துக்குக் கணக்குப் போடும்போது இதையும் ஒரு வரியில் எழுதிக்கொள்ளட்டும்.

சரவணம்பட்டி வீட்டுக்காரர் நேற்று வாட்ஸ்அப்பில் ரசீது அனுப்பினார். 950 சதுர அடி. மாடியில் நாங்கள் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் பார்த்தோம். பெரியப்பா மகன் இப்போது விலையைக் குறைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.