பூக்கார அக்கா கட்டும் வரி, நான் கட்டாத வரி

நான் ஓட்டுவது மின்சாரக் கார். இரண்டு வருடத்தில் 31,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. பெட்ரோல் பங்க் பக்கம் போவதில்லை, அதனால் எரிபொருள் வரி இல்லை. தமிழ்நாட்டில் மின் வாகனம் என்பதால் சாலை வரியும் விலக்கு. டோல்கேட்டைத் தாண்டாத நாட்களில், நான் தேய்க்கும் சாலைக்கு என் பங்கு என்று எதுவும் போவதில்லை.

எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவரும் அக்காவிடம் இருப்பது பழைய டிவிஎஸ் எக்ஸ்எல். விடியற்காலை மூன்றரைக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். அவர் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் கலால் வரி, சாலை செஸ், மாநில வாட் எல்லாம் இருக்கின்றன. போன கார்த்திகை மழையில், தண்ணீருக்கடியில் பள்ளம் இருப்பது தெரியாமல் வண்டியோடு விழுந்தார். மூன்று வாரம் கையில் கட்டு. பூத் தொடுக்க முடியவில்லை. அதே பள்ளத்தில் என் கார் லேசாகக் குலுங்கிவிட்டுப் போய்விடும். அன்றிலிருந்து இது என் மனதை உறுத்துகிறது.

ஓடும் கிலோமீட்டருக்கு வரி வரட்டும். என்னைப் போன்றவர்களிடமிருந்தே தொடங்கட்டும்.

நியூசிலாந்தில் டீசல் வண்டிகள் 1978 முதலே இப்படித்தான் கட்டுகின்றன. 2024 ஏப்ரல் 1 முதல் மின்சாரக் கார்களும் சேர்ந்துவிட்டன. 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர், முன்கூட்டியே கட்ட வேண்டும். வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோகும்போது மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். பெட்ரோல் காருக்கு இது கிடையாது, அவர்கள் பெட்ரோல் பங்க்கிலேயே வரியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே ஆளிடம் இரண்டு முறை வாங்குவதில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இங்கே கிலோமீட்டர் கணக்கு என்றதும் செயற்கைக்கோள் வந்துவிடுகிறது. நெடுஞ்சாலைக் கட்டணத்துக்காக 2024 செப்டம்பரில் விதியையே திருத்தினார்கள். இந்த வரிக்கு அது எதற்கு? நான் எந்தக் கோயிலுக்குப் போனேன், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. வருடா வருடம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது மீட்டர் ரீடிங்கைப் பதிந்தால் போதும். மீட்டரைக் குறைத்து வைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் வருடாந்தரப் பதிவு இருந்தால் அது சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். பழைய வண்டி வாங்குபவர்களுக்கும் அது நல்லது.

அப்புறம் எடை. கனமான வண்டிக்குக் கிலோமீட்டர் வரியும் கூடுதலாக இருக்க வேண்டும். இதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதே இல்லை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். சக்கர அச்சில் இறங்கும் பளு இரட்டிப்பானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு ஆகிறது என்று தெரிந்தது. நம் நாட்டில் 2018இல் ஒற்றை அச்சுப் பளு வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். பளு 13 சதவீதம்தான் கூடியது. அந்தக் கணக்குப்படி சேதமோ 60 சதவீதத்துக்கு மேல். இதற்கு மேல் ஓவர்லோடு வேறு. ஆனால் 2008ஆம் ஆண்டு சுங்க விதியின் அடிப்படைக் கட்டணத்தைப் பாருங்கள்: கிலோமீட்டருக்குக் காருக்கு 65 பைசா, இரண்டு அச்சு லாரிக்கு 2 ரூபாய் 20 பைசா. மூன்றரை மடங்குகூட இல்லை.

லாரி வாடகை ஏறினால் தக்காளி விலை ஏறும் என்பார்கள். உண்மைதான், நானும் அதை யோசித்தேன். ஆனால் அந்தச் செலவை இப்போதும் யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், டயராக, முதுகுவலியாக, அக்காவின் கைக்கட்டாக. அதே சரக்கைக் கூடுதல் அச்சுள்ள வண்டியில் ஏற்றுபவருக்குக் கட்டணத்தைக் குறைத்தால் லாரிக்காரர்களும் மாறுவார்கள்.

இன்னொன்று, சாலை சரியில்லை என்றால் வரியும் குறைய வேண்டும். மதுரவாயல் – வாலாஜாபேட்டை சாலையின் நிலையைப் பார்த்து, அங்குள்ள இரண்டு சுங்கச்சாவடிகளிலும் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிமன்றம் போனால்தான் கிடைக்கும் என்றில்லாமல், அதைச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். வரும் பணம் நெடுஞ்சாலையோடு நின்றுவிடவும் கூடாது. அக்கா விழுந்தது நான்குவழிச் சாலையில் இல்லை, ரேஷன் கடைக்குத் திரும்பும் முனையில்.

இன்று காலை என் மீட்டர் 31,264 காட்டியது. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால் நான் 31,264 ரூபாய் பாக்கி. அதில் ஒரு பங்கு அந்த முனைக்கு வரும் என்று எழுதிக் கொடுக்கட்டும், நாளைக்கே கட்டுகிறேன்.