லீவு கணக்கைத் திருத்த இவ்வளவு பாடா?

கிண்டியில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலை. ஜனவரி பிறந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது. சம்பளக் கணக்குகூட ஒழுங்காக முடிந்துவிடும். லீவு பேலன்ஸ்தான் உயிரை வாங்குகிறது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு. எடுக்காததை 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். எங்கள் சாஃப்ட்வேரோ டிசம்பர் 31 தாண்டியதும் மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. அப்புறம் ஒவ்வொருவருக்கும் கையால் ஏற்ற வேண்டும்.

அந்தத் திரையில் ஒரே ஒரு கட்டம். அதில் 3 என்று போட்டால், இருப்பதோடு 3 கூடுமா, இல்லை மொத்தமே 3 ஆகிவிடுமா? எங்கேயும் எழுதியிருக்காது. காசுவல் லீவில் கூட்டுகிறது, ஈட்டிய விடுப்பில் அழித்து எழுதுகிறது. என்ன நியாயம் இது?

மழை லீவு வந்தால் இன்னும் மோசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு அரசு விடுமுறை விட்டதே, அதுபோன்ற நாளுக்கு ஏற்கெனவே லீவு போட்டவருக்கு அந்த நாள் தானாகத் திரும்பாது. நான் திருத்தினாலும் அவர் மொபைலில் வெறும் எண்தான் மாறும், காரணம் தெரியாது. "என் லீவை யாரு சார் எடுத்தது?" என்று வந்து நிற்கிறார்கள். அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. பழைய இருப்பு, மாற்றம், காரணம், தேதி, இவ்வளவையும் அவர்கள் கண்ணில் காட்டுங்கள் என்றுதான் நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.